'பேட் லக்' என்னுஞ் சொல்

ஆங்கிலத்தினின்றும் தமிழர் நாவில் வந்தேறிய சொற்களுள் 'பேட் லக்' என்பதும் ஒன்று. விளையாட்டு மைதானத்திலே பந்து கம்பத்தை உராய்ந்து வெளியே சென்றுவிட்டால் அச்சொல் எழுகின்றது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் குறைந்து தவறியவனைத் தோழர்கள் அச்சொல்லாலேயே தேற்றுகின்றனர். ரெயில் புறப்பட்டபின் நிலையத்துள் ஓடிவருகின்றவர் மூச்சிரைப்பினிடையே கூறுவதும் அதுவே. கல்லூரி மதிலுக்கு வெளியேயும், ஆங்கிலம் பயிலாதார் வாயிலும், களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் அது தடையின்றி உலாவுகின்றது. இங்ஙனம் எல்லார்க்கும் பொதுவாகிவிட்ட இச்சொல்லின் பொருள் யாது, ஆங்கிலேயர் அதனை எவ்வெவ்விடத்து வழங்குவர், அதனோடொத்த நம் சொற்கள் யாவை, அவற்றை வழங்குங்கால் நாம் கருத்திற்கொள்ள வேண்டுவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

'பேட்' என்பது தீயது என்னும் பொருட்டு. 'லக்' என்பது ஆங்கிலத்தில் மிகப் பழைய சொல்லன்று. கி.பி. 15-ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியினின்றோ அதனையடுத்த ஜெர்மானியக் கிளைமொழியினின்றோ அது ஆங்கிலத்திற் புகுந்தது. சூதாடுவோர் வாயிலாக வந்திருக்கலாம் என்று மொழிநூலார் கருதுவர். அதற்கு முன்னர் அவ்விடத்து வழங்கிய சொல் 'ஹாப்' என்பது. அது தனித்து வழங்குதல் இப்பொழுது அருகிவிட்டதாயினும், அதன் மக்கள் பலர் வாழ்கின்றனர். நிகழ்தல் எனப் பொருள்படும் 'ஹாப்பன்', ஒருவேளை எனப் பொருள்படும் 'பெர்ஹாப்ஸ்', மகிழ்ச்சியுடைமையைக் குறிக்கும் 'ஹாப்பி', சிறு விபத்தைக் குறிக்கும் 'மிஸ்ஹாப்' ஆகிய நான்கும் அவ்வொரு வேரிற் கிளைத்தனவே. மகிழ்ச்சியும் விபத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயிருத்தல் சிந்திக்கத்தக்கது. நன்றாயினும் தீதாயினும் நம்மைக் கேளாமல் வந்து நேர்வதே 'ஹாப்' எனப்பட்டது.

இனி வழக்கினை நோக்குவோம். 'பேட் லக்' என்று தனியே சொல்லின் அது பரிவுரையாம். 'ஐயோ பாவம், இப்படியாயிற்றே' என்பதனோடு ஒக்கும். 'ஹார்ட் லக்' என்பது அதனினும் சற்றுக் கனிவுடையது. முயன்று தோற்றவனை நோக்கிக் கூறப்படுவது. 'டஃப் லக்' என்பதோ குரலுக்கேற்பப் பொருள் திரிவது. பரிவாகவும் வரும், 'நமக்கென்ன, அவன் பாடு' என்னும் அலட்சியமாகவும் வரும். 'ஜஸ்ட் மை லக்' என்பது தன்னைத்தானே நொந்துகொள்ளுதல்; 'நம் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்' என்று நம்மவர் எள்ளலாகச் சொல்லுவதற்கு நேரானது. இவையெல்லாம் பழகினாரிடத்து வழங்கும் வாய்மொழிகள். ஆதலின் இவற்றிற்கு எல்லையுண்டு. தவறிய ரெயிலுக்கும் தோற்ற ஆட்டத்திற்கும் இச்சொல் பொருந்தும். தந்தையாரை இழந்தவனிடத்துச் சென்று 'பேட் லக்' என்று கூறுதல் பெரும்பிழையாம். அங்கே சொல் சிறியது, துயரம் பெரியது. ஆங்கிலச் சொற்களை எடுத்தாளும் நம் மாணவர் இவ்வளவினை அறிந்து வழங்குதல் நன்று.

தமிழில் இதற்கு நேராக நாம் முதற்கண் கூறுவது 'துரதிர்ஷ்டம்' என்பது. அதிர்ஷ்டம் என்னும் வடசொல்லைப் பிரித்து நோக்கின், அ என்னும் எதிர்மறையும் திருஷ்டம் என்பதும் சேர்ந்து 'காணப்படாதது' என்றே பொருள் தரும். நல்லது என்னும் பொருளோ தீயது என்னும் பொருளோ அதன்கண் இல்லை. ஒரு பயன் கண்ணுக்குத் தெரிகின்றது, அதன் காரணம் தெரியவில்லை. அத்தெரியாத காரணத்திற்கு இட்ட பெயரே அதிர்ஷ்டம். பிற்காலத்து வழக்கில் அது நன்மையை மாத்திரம் குறிப்பதாய் ஒடுங்கிவிட்டமையின், தீமைக்குத் துர் என்னும் முன்னொட்டு வேண்டியதாயிற்று.

வைசேடிக சாத்திரத்தார் இச்சொல்லை ஆண்ட முறை நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும். காந்தத்தை நோக்கி ஊசி ஓடுதற்கும், தீயின் கொழுந்து மேனோக்கி எழுதற்கும் காரணம் அதிர்ஷ்டம் என்று அவர்கள் சூத்திரஞ் செய்தனர். இதனை நாம் நகையாடுதற்கில்லை. தம் காலத்திற் காணவியலாத காரணத்தைக் காணவில்லை என்றே அவர்கள் பெயரிட்டு வைத்தனர். 1600-ஆம் ஆண்டில் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர், பலகாலம் சோதனை செய்து, காந்தத்தைக் குறித்துத் தம் பெருநூலை வெளியிட்டார். பின்வந்தோர் அவ்வாராய்ச்சியை வளர்த்தனர். இன்று பள்ளிச் சிறுவனும் ஊசியின் ஓட்டத்தை அதிர்ஷ்டம் என்னான். காணப்படாததாயிருந்த ஒன்று காணப்பட்டதாயிற்று. ஆகவே அதிர்ஷ்டத்தின் எல்லை நிலையான எல்லையன்று. நாம் நோக்க நோக்க அது பின்வாங்குவது. நாம் இக்கட்டுரையிற் கூற விழைவதும் இஃதொன்றே: 'பேட் லக்' என்று ஒருவன் கூறும்போதெல்லாம், காரணம் காணவியலாததா, அன்றிக் காணப்படாமலே விடப்பட்டதா என்று வினவுதல் வேண்டும்.

இவ்வினாவைச் செலுத்திப் பார்த்தற்குக் காவிரியின் கடைமடைப் பகுதியாகிய சீர்காழி வட்டாரத்தினும் சிறந்த இடம் கிடைப்பதரிது. என்னை? தீங்கினைக் குறிக்கும் நம் பேச்சு வழக்குகள் பலவற்றின் மூலத்தை அவ்வூரைச் சூழவே காணலாம். செவ்வாய்க்குரிய தலமாகிய வைத்தீஸ்வரன்கோயில் அதற்கு அணித்து. புதனுக்குரிய திருவெண்காடும், கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே கடற்கரைப் பக்கத்தில் உள்ளன. தெற்கே சென்றால் காரைக்காலையடுத்துச் சனீசுவரன் சந்நிதியுள்ள திருநள்ளாறு. 'எல்லாம் நம் கிரகசாரம்' என்று அப்பகுதியிற் பாட்டிமார் அலுத்துக்கொள்ளுதல் கேட்டிருப்பீர்கள். கிரகசாரம் என்பது கோள்களின் நடை என்பதன்றி வேறன்று. 'ஏழரையை இழுத்து விட்டுக்கொள்ளாதே' என்பதும் அத்தகையதே. சனி என்னும் கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகின்றது. அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால் ஓரிராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு வரும். ஒருவன் பிறந்த இராசியிலும் அதன் முன்னும் பின்னுமுள்ள இரண்டிலும் சனி தங்குங்காலம் ஏழரை ஆண்டு. இக்கணக்கே பேச்சு வழக்கில் வம்பு என்னும் பொருட்டாய் இழிந்துவிட்டது.

மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். பெருங்கேட்டைக் குறிக்கும் 'டிஸாஸ்டர்' என்னும் சொல், தீய விண்மீன் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்தது. 'இன்புளுவென்ஸா' என்னும் காய்ச்சற் பெயரும் இத்தாலியமே. விண்மீன்களின் ஆதிக்கத்தால் வந்தது என்பது அதன் கருத்து. 1933-ஆம் ஆண்டில் மனிதரைப் பற்றும் அக்காய்ச்சலின் நுண்கிருமி பிரித்தறியப்பட்டது. பெயர் மாறவில்லை, எனினும் அதற்குப்பின் மருத்துவர் எவரும் விண்மீனைப் பார்த்து மருந்து கொடுத்திலர். சீர்காழியிலே பிறந்த திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்படுங்கால், நாளும் கோளும் நன்றாயில்லை என்று திருநாவுக்கரசர் தடுத்ததாகவும், கோள்கள் அடியாரை நலியா என்று சம்பந்தர் ஒரு பதிகம் பாடிப் புறப்பட்டதாகவும் பெரியபுராணம் கூறும். கோளின் பெயரால் ஒரு நற்செயலை நிறுத்தற்கில்லை என்னும் துணிவு அவ்வூர்க்குப் புதியதன்று.

நிகழ்ச்சியைக் குறித்த சொல் நிகழ்ச்சியோடு நில்லாமல் ஆள்மேல் ஏறிவிடுதலே அஞ்சத்தக்கது. ஆங்கிலத்தில் 'ஜிங்க்ஸ்' என்றொரு சொல் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பந்தாட்டக்காரரிடையே பரவிய அச்சொல், எவர் வந்தால் ஆட்டம் தோற்குமோ அவரைக் குறிப்பது. மாலுமிகள் அத்தகையானை 'ஜோனா' என்பர். புயலிற் சிக்கிய கப்பலில் சீட்டுப் போட, யோனாவின்மேற் சீட்டு விழுந்ததாக விவிலியத்துட் கூறப்பட்ட வரலாற்றினின்று அவ்வழக்குப் பிறந்தது. தமிழில் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: சனியன், பீடை, தரித்திரம், துக்கிரி, விடியாமூஞ்சி, ராசியில்லாதவள். பால் சிந்திவிட்ட சிறுமியைத் தாய் 'சனியனே' என்கின்றாள். அவள் கருதியது சிந்திய பாலை; குழந்தை கேட்டதோ தன்னை. பத்தாண்டு அவ்வாறு கேட்டு வளர்ந்த குழந்தை, தான் சென்ற இடமெல்லாம் பால் சிந்தும் என்றே நம்பத் தலைப்படும்.

பெண்கள் திறத்தில் இக்கொடுமை இன்னும் மிகுதி. மூல நட்சத்திரத்திற் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாள் என்று ஒதுக்குவோர் உளர். நட்சத்திரங்கள் 27, சந்திரன் ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒரு நட்சத்திரமாக அவற்றைக் கடந்து செல்வது. எனவே 27 பெண்களில் ஏறத்தாழ ஒருத்தி மூலத்திற் பிறந்தே தீர்வள். செவ்வாய்த் தோஷமோ இன்னும் விரிவானது. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் யாதானும் ஒன்றிற் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது தமிழ்நாட்டு வழக்கு. பன்னிரண்டு இடங்களில் ஐந்து என்றால், விதிவிலக்குகளைக் கழியாத முன்னம், பன்னிருவரில் ஏறத்தாழ ஐவர் தோஷமுடையோராவர். பாதிக்குச் சற்றே குறைந்த மக்களைக் குறிக்கும் ஓர் அடையாளம் எங்ஙனம் ஒருத்திக்கு மட்டும் உரிய குற்றமாகும்? கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஒவ்வொரு பட்டதாரியும் தன் வீட்டில் இவ்வொரு கணக்கைப் போட்டுக் காட்டினால், பல பெண்கள் கண்ணீர் சொரியாமல் வாழ்வர்.

இனி, ஆள்மேல் ஏறாவிடினும், காரணத்தை மூடிவிடுதலால் இச்சொல் தீங்கு விளைத்தலும் உண்டு. சீர்காழிக்குத் தோணிபுரம் என்பது ஒரு பெயர். ஊழிப் பெருவெள்ளத்தில் தோணிபோல் மிதந்தமையின் அப்பெயர் வந்ததென்பது தலபுராணம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவ்வூரில் 44 செ.மீ. மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய மூன்று மாதங்களில் தமிழ்நாடு சராசரியாகப் பெறும் மழையும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு பருவத்து மழை ஓரிரவில் இறங்கியதென்க. ஊரும் வயலும் ஒன்றாயின. சம்பா இளம்பயிர் நீருள் மூழ்கியது. இதனை 'பேட் லக்' எனலாமா?

மழை பெய்ததை எனலாம். அதனைத் தடுக்க வல்லார் இலர். ஆயின் பயிரை அழிப்பது மழை பெய்த அளவு மாத்திரம் அன்று. நீர் வயலில் நின்ற நாட்கணக்குமாம். ஓரிரு நாளில் வடிந்தால் பயிர் தேறும். ஒருவாரம் நின்றால் அழுகும். கடைமடை நிலம் கடலுக்கு அண்மையிலும் கடன்மட்டத்திற்கு அண்மையிலும் இருப்பது. கடல் பொங்கி நிற்கும்போது வடிகால் வாய் அடைபட்டு நீர் பின்வாங்கும். அவ்வடிகாலிலேயே காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடந்தால், கடல் தாழ்ந்தபின்னும் நீர் செல்ல வழியில்லை. எனவே ஒரே துன்பத்தில் இரண்டு பாகங்கள் உள. வானத்தினின்று வந்தது ஒன்று; வாய்க்காலில் நின்றது மற்றொன்று. முன்னதற்குப் பொறுமையும், பயிர்க் காப்பீடு போல ஒருவன் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வேண்டும். பின்னதற்கு மண்வெட்டியும், கோடையிலேயே தூர்வாரும் முன்யோசனையும், கணக்குக் கேட்கும் ஊராரும் வேண்டும். 'எல்லாம் தலையெழுத்து' என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடின், மண்வெட்டி மூலையிற் கிடக்கும். அடுத்த ஐப்பசியிலும் பயிர் மூழ்கும்.

தலையெழுத்து என்பது வேறொருவர் கையெழுத்தாகவும் இருத்தல் கூடும். தஞ்சை நாட்டுப் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரர் வயலிற் பாடுபட்டு அரைவயிற்றுக் கஞ்சி குடித்தனர். 'பிறந்த எழுத்து அப்படி' என்று பிறர் கூற, அவர்களும் நம்பியிருந்தனர். உழவர் இயக்கங்களின் போராட்டத்திற்குப் பின், 1952-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மனம்போனபடி வெளியேற்றுதல் தடுக்கப்பட்டது. கூலிக்கும் வாரத்திற்கும் வரையறை வந்தது. துன்பம் அன்றே தீர்ந்துவிடவில்லை. எனினும் பிரமன் எழுதியதென்று கருதப்பட்ட எழுத்தைக் காகிதத்தில் எழுதிய மற்றோர் எழுத்து மாற்றக்கூடும் என்பது வெளியாயிற்று. அநீதிக்குத் துரதிர்ஷ்டம் என்று பெயரிடுதல், அநீதி செய்தவனுக்கு நாம் அளிக்கும் நற்சாட்சிப் பத்திரமாகும்.

'அங்ஙனமாயின் ஊழ் என்று நம் முன்னோர் கூறியது பொய்யோ?' என்று ஒருவர் வினவலாம். பொய்யென்று நாம் கூறவில்லை. திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தை ஊழுக்கு வகுத்தார். ஆயின் 62-ஆவதாக ஆள்வினையுடைமையையும், 63-ஆவதாக இடுக்கண் அழியாமையையும் வைத்தார். ஒன்றைப் படித்து மற்றிரண்டையும் மூடிவைத்தல் முறையன்று. சீர்காழிக்குத் தென்கிழக்கே காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரிலே தொடங்கும் சிலப்பதிகாரமும், ஊழ்வினை வந்து பயனூட்டும் என்பதனைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கூறும். எனினும் அக்காப்பியத்துக் கண்ணகி, கணவன் கொலையுண்டது கேட்டு, 'நம் வினை' என்று வீட்டினுள் முடங்கினாளா? அரசவைக்குச் சென்று, தன் சிலம்பினை உடைத்து, அதனுள் இருந்தது மாணிக்கம் என்று சான்று காட்டினாள். பாண்டியனும் விதியின்மேற் பழிபோடாமல் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். ஊழினை நம்பிய நூலே விசாரணையைக் கைவிடவில்லை என்பது காண்க.

அவ்வட்டாரத்தில் வாழ்ந்த ஒருவர் செயலையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை அவர்கள் (1826–1889), தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீபாக விளங்கியவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, மழை பொய்த்தமைக்கு அவரும் காரணரல்லர். மழையை வருவிக்கும் ஆற்றலும் அவர்க்கில்லை. ஆயினும் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தார்க்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையை வியந்து பாடினார். பஞ்சம் பொதுவான தீயூழ். பட்டினி கிடப்பவனுக்குக் கஞ்சி கிடைத்தலும் கிடையாமையும் அண்டை வீட்டார் கையில் உள்ளது.

ஆகவே, 'பேட் லக்' என்னும் சொல்லை ஒழித்துவிடுக என்று நாம் கூறவரவில்லை. நாணயத்தைச் சுண்டித் தோற்ற ஆட்டத் தலைவனுக்கு அது மிகப் பொருத்தமானதே; சுண்டிய நாணயத்தில் ஆராய வேண்டும் காரணம் ஒன்றுமில்லை. இடறியவனைத் தேற்றும் பரிவுரையாகவும் அது என்றும் நின்று நிலவுக. ஆயின் அதனை நம்மைக் குறித்துக் கூறுமுன், 'இதில் நாம் கண்டு திருத்தத்தக்கது யாதானும் உண்டா?' என்று வினவுவோம். பிறரைக் குறித்துக் கூறுமுன், 'இவர்க்குத் தீங்கு செய்தவர் எவரேனும் இச்சொல்லின் பின் மறைந்து நிற்கின்றனரா?' என்று வினவுவோம். ஒரு குழந்தையையோ மணமகளையோ நோக்கி அதனைக் கூறுதலை அறவே விடுவோம். இம்முறை பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், அறிவிப்புப் பலகையின்முன் ஒருவன் தோளைத் தட்டி 'பேட் லக்' என்று கூறும் நண்பர், அதனோடு நின்றுவிடாமல், எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது என்றும் கேட்டு, மாலையில் அவனோடு அமர்ந்து அப்பாடத்தைப் படிப்பாராயின், அச்சொல்லின் பொருளை அவரே நன்குணர்ந்தவராவர்.